வேனிலுக்காகச் சுட்ட மான்

ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூ ஜெர்சி
ஜனவரி 19, 2024

அண்ணா,

இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்க முடியாது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரம் முழுக்க நீ கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன், இல்லாவிட்டால் அழுவேன். இரண்டில் எது நடந்தாலும் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதற்காகத்தான் இந்த ஈமெயில். எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் பதில் சொல்.

வேனிலை ஒரு வயது செக்கப்புக்குக் கூட்டிப் போனோம். இந்த ஸ்டேட்டில் ஒரு வயதானால் எல்லாக் குழந்தைக்கும் ரத்தத்தில் காரீயம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஊசி போடுகிற மாதிரி இதுவும் ஒரு வழக்கம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் டாக்டரே கூப்பிட்டார். மூன்றரையைத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். உன் மருமகளுக்கு ஒன்பது. விரல் நுனியில் குத்தி எடுத்தது தப்பாக இருக்கலாம் என்று கை நரம்பில் மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் ஒன்பது.

"எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை டாக்டர்?" என்று அகிலன் கேட்டார். "பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது" என்றார் டாக்டர். மூளை வளர்கிற வயது அண்ணா. இப்போதுதான் "தா தா" என்று கை நீட்டுகிறாள். பின்னால் பேச்சு தாமதமாகுமா, படிப்பு ஏறுமா, எதையும் இப்போது சொல்ல முடியாதாம். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்துவது ஒன்றுதான் வழியாம்.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். ஜன்னல் சட்டத்தில் பெயிண்ட், குழாய்த் தண்ணீர், மாமியார் கொண்டு வந்த கண்மை, மஞ்சள்தூள், பித்தளை விளக்கு, பொம்மைகள் எல்லாவற்றையும் பார்த்தாள். ஒன்றிலும் இல்லை. கடைசியாக, குழந்தை என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டாள். சோறு, பருப்பு, கீரை, மான் கொத்துக்கறி என்றேன். எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "மானா? யார் சுட்டது? எந்தக் குண்டு?" என்று கேட்டாள்.

எந்தக் குண்டு அண்ணா?

உனக்கு மறந்திருக்காது. பதினோராம் மாதம் உன் வீட்டில் காதுகுத்து வைக்கலாம், தாய்மாமன் கிடா வெட்ட வேண்டும் என்று பேச்சு வந்தபோது, "எங்க கேட்டி ஊர்ல எவன் அம்மிணி கிடா வெட்ட விடுவான், நான் மானையே சுட்டுப் போடறேன்" என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். நான்தான் தனியாகக் கூப்பிட்டு, காரீயக் குண்டாக இருந்தால் வேண்டாம் என்றேன். வேனில் வயிற்றில் இருந்தபோதிலிருந்தே நான் கண்டதையெல்லாம் படித்துப் பயப்படுகிறவள், எங்கோ படித்திருந்தேன். நீ சிரித்தாய். "சுத்தக் காப்பர் குண்டு. வேட்டைக்குனே நானே கேரேஜ்ல உக்காந்து ஒவ்வொரு தோட்டாவா நிரப்பி வெச்சிருக்கேன். உன் புள்ளைக்கு வேற எதையாவது போடுவனா?" என்றாய்.

அதை நம்பித்தான், ரத்தம் கம்மியாக இருக்கிறது, இரும்புச் சத்துக் கொடு என்று டாக்டர் சொன்னபோது, நீ ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொடுத்த பாக்கெட்டுகளைத் தினமும் வேகவைத்து மசித்துச் சோற்றில் பிசைந்து ஊட்டினேன்.

ஒரே ஒரு வரி பதில் போதும்.

தாமரைச்செல்வி


கேட்டி, டெக்சஸ்
ஜனவரி 21

அம்மிணி,

ஒரு வரியில் முடிக்கச் சொன்னாய். முடியாது. நீ என்ன கேட்கிறாய் என்று உனக்கே தெரிகிறதா?

வேனிலுக்கு இப்படி என்று படித்ததும் உன் அண்ணி சமையலை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அடுத்த பத்தியிலேயே என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாயே, அதுதான் தாங்கவில்லை.

உன் வீடு எந்தக் காலத்து வீடு? ஜெர்சியில் பாதி வீடு பழைய பெயிண்ட்தான். ஒரு நர்ஸ் ஒரு மத்தியானம் வந்து பார்த்துவிட்டால் போதுமா? டேகேரில் என்ன பொம்மையை வாயில் வைத்தாளோ. உன் மாமியார் ஊரிலிருந்து இரண்டு பெட்டி நிறைய என்னென்னவோ கொண்டு வந்தார்களே, அதில் எத்தனையை அவளிடம் காட்டினாய்? இதையெல்லாம் விட்டுவிட்டு, தாய்மாமன் ஆசையாகச் சுட்டுக் கொடுத்த கறியில் வந்து நிற்கிறாய்.

சின்ன வயதில் அப்பா சுட்டு வரும் கவுதாரிக் குழம்பில் சில்லுக் குண்டு பல்லில் கடிபடும். துப்பிவிட்டு அடுத்த வாய் சாப்பிட்டோம். எனக்கும் உனக்கும் என்ன ஆகிவிட்டது? நான் பெட்ரோலியம் இன்ஜினியர். நீ எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி.

தோட்டா நிரப்புவது விளையாட்டு இல்லை அம்மிணி. வெடிமருந்தை நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் நிறுத்துப் போடுகிறேன். குண்டு எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும் என்று ஒவ்வொன்றையும் அளக்கிறேன். வேட்டைக்கு நீலப் பெட்டி, ரேஞ்சில் போய்ச் சுட்டுப் பழகுவதற்கு மலிவுக் குண்டு போட்டது சிவப்புப் பெட்டி என்று தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறேன். நாற்பது பேர் அந்த விருந்தைச் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் தலைவலிகூட இல்லை.

காப்பர்தான். போதுமா?

பாப்பாவை ஒருமுறை வீடியோவில் காட்டு. அதற்காவது போனை எடு.

ரஞ்சித்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
ஜனவரி 28

அண்ணா,

சிவப்புப் பெட்டி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. நீயாக ஏன் எழுதினாய்?

அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. பிரீசரில் உன் பாக்கெட்டுகளில் மூன்று மிச்சம் இருந்தன. அகிலன் தூக்கி எறியப் போனார். வேண்டாம் என்று பிடுங்கி வைத்தேன். ஆன்லின் ஞாபகம் வந்தாள். எங்கள் பழைய அபார்ட்மெண்டில் எதிர்வீட்டில் இருந்தாளே, நாகர்கோவில்காரி, பல் டாக்டர். இப்போது சொந்தமாக கிளினிக் வைத்திருக்கிறாள். கூப்பிட்டுச் சொன்னேன். இன்று சர்ச் முடிந்து வந்து எனக்காகக் கதவைத் திறந்தாள்.

"கொத்துக்கறிக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீதான் மக்கா. இதுக்கு எந்தப் பல்லுல வலி?" என்றாள். நான் சிரிக்காததைப் பார்த்து அவளும் நிறுத்திக்கொண்டாள்.

பாக்கெட்டைத் தட்டையாக அமுக்கி, தாடை முழுக்க எடுக்கிற மெஷினில் வைத்தாள். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க, இங்கே கடையில் வாங்கிய ஆட்டுக்கறிப் பாக்கெட் ஒன்று. ஆட்டுக்கறி படத்தில் வெறும் சாம்பல் நிறம். உன் பாக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். சில மணல் அளவு, சில அதைவிடப் பொடி. எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். ஆன்லின் ஸ்கிரீனைப் பெரிதாக்கினாள். பெரிதாக்கப் பெரிதாக்க இன்னும் தெரிந்தன.

"இது எலும்புத் துணுக்கா இருக்குமா?" என்று கேட்டேன். அப்போதும் உனக்காக ஒரு வழி தேடினேன் பார்.

"எலும்பு இவ்வளவு பளிச்சுன்னு வராது. இது மெட்டல். பல்லு அடைக்கிறதைத் தினமும் பாக்குறவ நான்" என்றாள்.

காப்பர் குண்டு உடலுக்குள் போனால் பூ விரிகிற மாதிரி விரியும், தூளாகாது என்று நர்ஸ் சொன்னாள். தூளாவது காரீயம். அதுவும் மெல்லிய உறை போட்ட மலிவுக் குண்டு என்றால் எலும்பில் பட்டதும் சிதறிப் புகை மாதிரி கறிக்குள் பரவுமாம். பல்லில் கடிபட்டால் துப்பலாம். இது கடிபடாது. அதுவும் வேனிலுக்கு இருப்பதே நாலு பல்.

கவுதாரி சாப்பிட்டு நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறாய். ஆகவில்லை என்று யார் பார்த்தது? உனக்கும் எனக்கும் யார் ரத்தம் எடுத்தார்கள்?

படத்தை அனுப்பியிருக்கிறேன். பெரிதாக்கிப் பார். பார்த்துவிட்டு, "காப்பர்தான், போதுமா" என்று மறுபடி எழுத உன் கை வருகிறதா பார்க்கிறேன்.

தாமரை


கேட்டி
ஜனவரி 31

அம்மிணி,

பார்த்தேன். ஆபீசில் திறந்தேன். உடனே மூடிவிட்டேன். காரில் போய் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன்.

சிவப்புப் பெட்டிதான்.

நடந்ததைச் சொல்கிறேன். சாக்கு என்று நினைக்காதே. நினைத்தால் நினைத்துக்கொள்.

உனக்குக் கொடுத்த வாக்குப்படி நீலப் பெட்டியைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். காதுகுத்துக்கு முந்தின நாள் காலையில் கிட்டுசாமி மச்சான் பேர்லேண்டிலிருந்து வந்துவிட்டார். "மாப்ள, ஒரு நாளாவது என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பெண் எடுத்த வீடு. இல்லை என்று சொல்ல முடியுமா? கூட்டிப் போனேன். அவர் துப்பாக்கி வைத்திருக்கவில்லை. என்னுடையதைக் கையில் கொடுத்தேன். வந்தவருக்கு மட்டமானதைக் கொடுத்து நான் நல்லதை வைத்துக்கொள்வதா என்று நீலப் பெட்டியையும் கொடுத்தேன். சிவப்புப் பெட்டி வண்டியிலேயே கிடந்தது, ரேஞ்சுக்குப் போய் வந்ததில் இறக்காமல் விட்டது.

பன்றிக் கூட்டம் ஒன்று வந்தது. மச்சான் சுட ஆரம்பித்தார். "விழுந்துச்சா மாப்ள? விழுந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியைக் காலி பண்ணிவிட்டார். பன்றி ஒன்றும் விழவில்லை. ஒரு மெஸ்கீட் மரம் செத்தது.

அவரை வீட்டில் விட்டுவிட்டுச் சாயங்காலம் நான் மட்டும் திரும்பிப் போனேன். மான் வந்தது. மறுநாள் நாற்பது பேருக்கு மான் விருந்து என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. தாய்மாமன் கடையில் ஆட்டுக்கறி வாங்கிப் போட்டான் என்று பேச்சு வரக்கூடாது. கேரேஜில் வேறு காப்பர் தோட்டா இல்லை, வண்டியில் சிவப்புப் பெட்டி.

பழகுகிற தோட்டாவை எதற்காக அப்படி நிரப்புகிறோம் தெரியுமா? எடை, வேகம் எல்லாம் வேட்டைத் தோட்டா மாதிரியே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் போய்ப் பட வேண்டும். அப்போதுதான் மலிவில் பழகி, விலை உயர்ந்ததில் குறி தப்பாமல் சுடலாம். வருஷக்கணக்காக அப்படிப் பழகிப் பழகி, இரண்டும் ஒன்றுதான் என்று என் மண்டையில் ஏறிவிட்டது. பட்ட இடமும் ஒன்றுதான். மான் நின்ற இடத்திலேயே சாய்ந்தது. ஓடக்கூட இல்லை. பார், என்ன வித்தியாசம் என்று நினைத்தேன்.

அறுக்கும்போது தெரிந்தது. தோள் எலும்பில் பட்டு அந்தப் பக்கத்துக் கறியே ரத்தம் கட்டிக் கூழாகியிருந்தது. காப்பரில் அப்படி ஆகாது. அதை வெட்டி எறிந்திருக்க வேண்டும். நாற்பது பேர் என்று கணக்குப் போட்டு, கழுவி, கொத்துக்கறி மெஷினில் போட்டேன். நீ சொன்னது அப்போது ஞாபகம் வரவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தது. பாதி வந்தது. கழுவினால் போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

நல்ல மெத்தென்று இருந்த பாக்கெட்டுகளைப் பொறுக்கி வேனிலுக்கு என்று நான்தான் உன் பெட்டியில் வைத்தேன்.

இனி எனக்கு எழுத வரவில்லை. ஒன்றே ஒன்று. இதை அண்ணியிடம் சொல்லாதே. அவள் அண்ணன் சம்பந்தப்பட்டது. வீடு இரண்டாகிவிடும்.

ரஞ்சித்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
பிப்ரவரி 1

அண்ணா,

உன் வீடு இரண்டாவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் குழந்தையின் ரத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், நீ மச்சானின் மரியாதையைப் பற்றி எழுதுகிறாய்.

வாயைத் திறந்து, "அம்மிணி, குண்டு மாறிவிட்டது, பாப்பாவுக்குக் கொடுக்காதே, நீங்கள் பெரியவர்கள் சாப்பிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏர்போர்ட்டில் அந்தப் பெட்டியை நீதான் தூக்கி வந்தாய். கன்வேயரில் வைத்தாய். வேனில் கன்னத்தைக் கிள்ளினாய். அப்போதுகூடச் சொல்ல வாய் வரவில்லை. நான் நேராகக் கேட்டபோதும் என் மாமியாரின் பெட்டியை இழுத்தாய். அந்த அம்மாள் நர்ஸ் வந்த அன்று தன் மைச்சிமிழைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டு, "என்னாலயா தாமர, என்னாலயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதை உனக்கு நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

சரி. கொட்டிவிட்டேன். இப்போது நான் சொல்வதை மட்டும் கேள்.

விருந்து முடிந்து நீ என்ன செய்தாய்? ஊரில் கிடா வெட்டினால் பங்காளிகளுக்குக் கூறு போடுவது போல, மிச்சக் கறியைக் கூறு போட்டு வந்திருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தாய். தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு வைத்து. நான் பார்த்துப் பெருமைப்பட்டேன். அந்த வீடுகளில் சின்னக் குழந்தைகள் இருக்கின்றன. உன் நண்பன் மனைவி சண்முகப்ரியா இருக்கிறாள். அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். "வாந்தில எதுவுமே எறங்கல அக்கா, இந்தக் கொத்துக்கறி ஒண்ணுதான் எறங்குது" என்றாள். நீ, "புள்ளத்தாச்சி ஆசப்பட்டுட்டா" என்று அவளுக்கு இரண்டு கூறு சேர்த்துக் கொடுத்தாய்.

வயிற்றில் இருக்கிற குழந்தைக்கும் இது போகும் அண்ணா. அவளுக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கப் போவதில்லை. உங்கள் ஊரில் கேட்டால்தான் எடுப்பார்கள். கேட்பதற்கு அவளுக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவன் நீ ஒருவன்தான்.

எல்லா வீட்டுக்கும் சொல். முதலில் அவளுக்குச் சொல். எனக்கு மன்னிப்பெல்லாம் எழுதாதே, அதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது.

தாமரை


கேட்டி
பிப்ரவரி 3

அம்மிணி,

சொல்லிவிட்டேன். எல்லா வீட்டிலும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஒரு பாக்கெட் விடாமல் குப்பைக்குப் போயாகிவிட்டது. இனி யாரும் சாப்பிட மாட்டார்கள். சண்முகப்ரியாவும்தான்.

நிம்மதியாக இரு. பாப்பாவுக்குப் பால் நிறையக் கொடு, கால்சியம் நல்லது என்று படித்தேன்.

ரஞ்சித்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
பிப்ரவரி 5

அண்ணா,

நீ வாட்ஸப் குரூப்பில் சொன்ன லட்சணத்தை இன்று சண்முகப்ரியாவே எனக்கு அனுப்பினாள். அப்படியே திருப்பி எழுதுகிறேன், நீயே படித்துப் பார்.

"நண்பர்களே, எங்க வீட்டு பிரீசர் நடுவுல ரிப்பேர் ஆகி கறி உருகித் திரும்ப உறைஞ்சிருக்கு. மான் கறி பாக்கி இருந்தா ப்ளீஸ் தூக்கிப் போட்டுடுங்க. சாரி. அடுத்த சீசன்ல டபுளா தர்றேன்." கூடவே சிரிக்கிற பொம்மை.

கீழே அவள் கேட்கிறாள்: "அக்கா, உங்க அண்ணன் பிரீசர் ரிப்பேராமே, நீங்க கொண்டு போனது நல்லா இருந்துச்சா? நான் எல்லாத்தையும் எப்பவோ சாப்ட்டு முடிச்சிட்டேன். ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருந்துச்சு."

நல்லாத்தான் இருந்துச்சு.

எவ்வளவு சாமர்த்தியம் அண்ணா உனக்கு. கறியும் குப்பைக்குப் போய்விட்டது, உன் பெயரும் கெடவில்லை, மச்சான் பெயரும் கெடவில்லை. கெட்டுப்போன கறி என்றால் மிச்சத்தைத் தூக்கிப் போடுவார்கள். சாப்பிட்டு முடித்தவள் என்ன செய்வாள்? வயிறு வலிக்கவில்லை, தப்பித்தேன் என்று இருப்பாள். ரத்தம் கொடுக்கப் போவாளா? டாக்டரிடம் போய், "எங்கள் நண்பர் வீட்டு பிரீசர் ரிப்பேர்" என்று சொல்வாளா?

"நானே நிரப்பியது" என்று எத்தனை முறை சொன்னாய். அந்தப் பெருமைக்கு உன் பெயர் வேண்டும். தப்புக்கு மட்டும் பிரீசர் பெயரா?

அவளுக்கு நான் பதில் போடவில்லை. ஒரு நிமிஷ வேலை. எக்ஸ்ரே படத்தை குரூப்பில் போட்டால் போதும். விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். உன்னைக் காப்பாற்ற இல்லை. அந்தப் பெண் இதை ஒரு போட்டோவாகப் பார்க்கக்கூடாது. அவள் கையில் பாக்கெட்டைக் கொடுத்தவனே போய் எதிரில் நின்று சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன். அதற்கு மேல் நானே கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு நீ எனக்கு எழுத வேண்டாம்.

தாமரைச்செல்வி


கேட்டி
பிப்ரவரி 11

அம்மிணி,

போனேன்.

முதலில் வீட்டில் சொன்னேன். உன் அண்ணி வசந்தாமணி நேராகத் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் மச்சான் குரல், "நான் என்னத்தக் கண்டேன் அம்மிணி, குடுத்தாரு, சுட்டேன். தோட்டாவுல நல்லது கெட்டது இருக்குன்னு அவருதான சொல்லோணும்?" என்று. அவர் சொன்னது நியாயம்தான். வசந்தாமணி போனை வைத்துவிட்டு, "எங்கண்ணன் பேர சொல்லிச் சொல்லப் போறீங்களா, சொல்லாம சொல்லப் போறீங்களா?" என்று கேட்டாள். சொல்லாமல் என்றேன். "அப்பக் கெளம்புங்க" என்றாள். வீடு இரண்டாகும் என்று உனக்கு எழுதினேனே, ஆகவில்லை. ஆனால் அவள் என்னோடு வரவும் இல்லை.

சண்முகப்ரியா வீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். அவள் புருஷன் சிவராமகிருஷ்ணன் தொட்டில் பூட்டிக்கொண்டிருந்தான், மரைகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு. "வாங்க ரஞ்சித், நல்ல நேரத்துல வந்தீங்க, இந்தப் பக்கத்தப் பிடிங்க" என்றான். பிடித்துக்கொண்டு நின்றேன். தொட்டிலைப் பிடித்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அவன் இரண்டு மரை முடுக்குகிற வரை நின்றேன். பிறகு கையை எடுத்துவிட்டேன். ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. "என்ன ஆச்சு?" என்றான்.

பிரீசர் ரிப்பேர் ஆகவில்லை என்று ஆரம்பித்தேன். குண்டு என்றேன், காரீயம் என்றேன், வேனிலுக்கு ஒன்பது என்றேன். நீ அனுப்பிய படத்தைக் காட்டினேன். சண்முகப்ரியா அடுப்படியிலிருந்து வந்து என் போனை வாங்கிப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள், நீ சொன்ன மாதிரியே.

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

அம்மிணி, அந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அவள் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்தாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "குண்டு வேறங்கறது தெரியும். இவ்வளவு ஆகும்னு தெரியாது" என்றேன்.

சிவராமகிருஷ்ணன் எழுந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போன வாரம் சிரிக்கிற எமோஜி போட்டீங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். திரும்பத் திரும்ப இரண்டு தடவை.

அவள்தான், "எந்த டெஸ்ட், பேரு என்ன, எழுதிக் குடுங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "நீங்க கெளம்புங்க அண்ணா" என்றாள். அண்ணா என்றுதான் சொன்னாள்.

அங்கிருந்து மற்ற வீடுகளுக்கும் போனேன். ஒருவர் காபி கொடுத்தார். ஒருவர், "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க" என்று சிரித்தார், அவர் வீட்டில் குழந்தைகள் இல்லை. இன்னொரு வீட்டில் இரட்டைக் குழந்தைகள், மூன்று வயது. அந்தம்மா கதவிலேயே நிற்க வைத்துக் கேட்டார், கேட்டு முடித்ததும் சாத்திவிட்டார். குரூப்பிலும் உண்மையை எழுதிவிட்டேன். என் பேர் போட்டு. பார்த்திருப்பாய்.

கேரேஜ் பூட்டியிருக்கிறது, தோட்டா நிரப்புகிற சாமான் எல்லாம் உள்ளே. அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். நீ, அதை வைத்து என்ன செய்வது என்று கேட்பாய்.

பாப்பாவுக்கு மறுபடி எப்போது டெஸ்ட்?

ரஞ்சித்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
பிப்ரவரி 22

அண்ணா,

குரூப்பில் நீ எழுதியதைப் பார்த்தேன். யாரும் ஒன்றும் போடாமல் வெறுமனே கிடந்ததையும் பார்த்தேன்.

சண்முகப்ரியா நேற்றுக் கூப்பிட்டாள். அவளுக்கும் இருக்கிறது. வேனில் அளவு இல்லை, ஆனால் இருக்கக் கூடாத அளவு. அவள் டாக்டர் கால்சியம் கூட்டிக் கொடுத்து, மாதாமாதம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பிறந்ததும் குழந்தைக்கும் பார்ப்பார்களாம். "தெரியாமலே இருந்திருந்தா பாப்பாவுக்குப் பாத்திருக்கவே மாட்டாங்கல்ல அக்கா" என்றாள். அதைச் சொல்லிவிட்டு உன்னை ஒரு மூச்சுத் திட்டினாள். இனி உன் வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டாளாம். நான் குறுக்கே பேசவில்லை. அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. இரட்டைக் குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லையாம், அந்தம்மா அவளிடம் சொன்னாராம். உன்னிடம் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

மாமியாரிடம் நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "ரஞ்சித்தா?" என்று கேட்டார்கள். பிறகு, "அவன் சாப்புட்டானா?" என்றார்கள். என்ன கேட்கிறார்கள் என்று முதலில் புரியவில்லை. நீயும் அண்ணியும் அந்தக் கறியைச் சாப்பிட்டீர்களே, உங்களுக்கு ரத்தம் பார்த்தாயிற்றா என்கிறார்கள். நாங்கள் யாருமே அதை யோசிக்கவில்லை. பார்த்துக்கொள். இரண்டு பேரும்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. காலையில் வேனில் ஒரு வார்த்தை புதிதாகச் சொன்னால் சந்தோஷப்படுகிறேன், சொல்லாத நாளில் உன் முகம் ஞாபகம் வருகிறது. இது எவ்வளவு வருஷம் ஓடும் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஏதாவது ஒரு டீச்சர், "கொஞ்சம் கவனம் சிதறுது" என்று சொன்னால் நான் அன்றைக்கும் உன்னைத்தான் நினைப்பேன். அது அதனாலா, வேறு எதனாலா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தெரியாமையை நீ எனக்குக் கொடுத்துவிட்டாய். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள உன்னாலும் முடியாது.

போனை இப்போதும் எடுக்க மாட்டேன்.

டெஸ்ட் எப்போது என்று கேட்டாய். மார்ச் எட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு. நரம்பு கிடைக்காமல் போன தடவை மூன்று இடத்தில் குத்தினார்கள். திமிறுகிறாள், யாராவது அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் பிடித்தேன், ஊசியைப் பார்த்ததும் அவளைத் தூக்கிக்கொண்டேன், என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அகிலன் பிடித்தார், அவர் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டார்.

டிக்கெட் போட்டுக்கொண்டு வா. நீ பிடி. அவள் கத்துவாள், உன் முகத்தைப் பார்த்துக் கத்துவாள். ஊசி வெளியே வருகிற வரை விடாதே.

தாமரை